பழைய மரியோ பார்ட்டி: பலகையில்தான் இருக்கிறது கேம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேம்ஸ் பற்றிப் பேசத் தொடங்கினால், முதல் கேள்வி கிராபிக்ஸ் கார்டு பற்றித்தான் இருக்கும். எத்தனை ஜிபி வேண்டும், எந்த கார்டு வாங்கலாம், இந்த கேம் என் கம்ப்யூட்டரில் ஓடுமா என்று வரிசையாகக் கேட்பார்கள். கேம் எவ்வளவு பளபளப்பாகத் தெரிகிறதோ அவ்வளவு நன்றாக இருக்கும் என்ற எண்ணத்தை விளம்பரங்கள் நம் மனதில் நன்றாகவே ஊன்றிவிட்டன. இந்த எண்ணத்திற்கு எதிராக நான் எப்போதும் எடுத்துக் காட்டுவது ஒரு பழைய கேமை. 1998ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானிலும், 1999 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளியான மரியோ பார்ட்டி. நிண்டெண்டோ 64 என்ற கன்சோலுக்காக ஹட்சன் சாப்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் இதனை உருவாக்கித் தந்தது.

முழு கேமும் 32 எம்பி கொள்ளளவு கொண்ட ஒரு கார்ட்ரிட்ஜில் அடங்கிவிட்டது. இன்று உங்கள் போனில் எடுக்கும் பத்துப் பதினைந்து போட்டோக்கள் அதைவிட அதிக இடம் பிடிக்கும். திரையில் தெரியும் ஆட்டப் பலகைகூட முப்பரிமாணத்தில் அமைந்தது அல்ல. முன்கூட்டியே வரைந்து வைத்த ஒரு தட்டையான படம். அதன் மேல்தான் மரியோவும் மற்றவர்களும் ஓடுகிறார்கள். ஆனாலும் இந்தப் பலகைகளில் சிலவற்றை 2021லும் 2024லும் நிண்டெண்டோ தூசு தட்டி, புது வண்ணம் பூசி மீண்டும் விற்றிருக்கிறது. கால் நூற்றாண்டு கழித்தும் வாங்குவதற்கு ஆள் இருக்கிறது என்றால் அது படத்திற்காக இருக்க முடியாது அல்லவா?

நம் ஊரில் இந்தக் கன்சோல் அதிகம் புழங்கியதில்லை என்பதால், கேம் எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் விளையாடலாம். ஆள் குறைந்தால் அந்த இடத்தைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொருவரும் முறை வரும்போது தலைக்கு மேல் சுழலும் கட்டையைக் குதித்து முட்ட வேண்டும். ஒன்று முதல் பத்து வரை ஏதாவது ஓர் எண் விழும். அத்தனை கட்டங்கள் நகர வேண்டும். நீலக் கட்டத்தில் நின்றால் 3 காசு கிடைக்கும். சிவப்பில் நின்றால் 3 காசு போகும். கேள்விக்குறிக் கட்டத்தில் நின்றால் அந்தப் பலகைக்கே உரிய ஏதாவது ஒன்று நடக்கும். நால்வரும் நகர்ந்து முடித்ததும் ஒரு மினி கேம் வரும். நின்ற கட்டங்களின் நிறத்தைப் பொறுத்து நால்வரும் தனித்தனியாகவோ, இரண்டுக்கு இரண்டாகவோ, ஒருவருக்கு எதிராக மூவராகவோ மோதுவார்கள். ஜெயித்தவருக்குப் பெரும்பாலும் 10 காசு. 20 காசு சேர்ந்தவர், டோட் என்ற காளான் தலையன் நிற்கும் இடத்திற்குப் போய் ஒரு நட்சத்திரம் வாங்கலாம். 20, 35 அல்லது 50 சுற்றுகள் முடிந்ததும் யாரிடம் அதிக நட்சத்திரம் இருக்கிறதோ அவரே வெற்றியாளர்.

இந்த கேமைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் மினி கேம்களைத்தான் பாராட்டினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட மினி கேம்கள் என்பது விளம்பரத்திற்கு நன்றாகவும் இருந்தது. ஆனால் என் கருத்தில் மினி கேம் என்பது ஊறுகாய் மாதிரி. சாப்பாடு பலகையில்தான் இருக்கிறது. மினி கேம்களை மட்டும் வரிசையாக விளையாடிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். பலகையில் வைத்து விளையாடினால் இரண்டு மணி நேரம் போவது தெரியாது.

ஒரே ஒரு பிட்

நம் பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பும் ஏணியும் முதல் ஆட்டத்தில் எங்கே இருந்தனவோ அங்கேயேதான் ஆயிரமாவது ஆட்டத்திலும் இருக்கும். ஆடுபவர் முடிவு செய்ய எதுவும் இல்லை. தாயம் விழுந்தபடி காய் நகரும். அவ்வளவுதான். மரியோ பார்ட்டியின் பலகை அப்படி அல்ல. ஆட்டம் நடக்கும்போதே பலகை மாறும். இங்கேதான் அதை உருவாக்கியவர்களின் கெட்டிக்காரத்தனம். பலகையில் பத்து விஷயங்களை மாற்றிக் குழப்பாமல், பெரும்பாலும் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினார்கள்.

சாப்ட்வேர் எழுதுபவன் என்பதால் எனக்கு இது பிட் கணக்காகத்தான் தெரிகிறது. கம்ப்யூட்டரின் மிகச் சிறிய நினைவு அலகு பிட். அதில் 0 அல்லது 1 என்ற இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும். ஒரு விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்பது போல. முதல் மரியோ பார்ட்டியின் மிகச் சிறந்த பலகைகள் இந்த ஒரே ஒரு பிட்டின் மீது கட்டப்பட்டவை.

மரியோவின் வானவில் கோட்டை என்ற பலகையைப் பாருங்கள். மேகங்களுக்கு நடுவே மேல்நோக்கிப் போகும் ஒரு பாதை. அதன் உச்சியில் ஒரு கோபுரம். கோபுரத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் தெரிவார். டோட் தெரிந்தால் 20 காசுக்கு உண்மையான நட்சத்திரம் கிடைக்கும். வில்லன் பவுசர் தெரிந்தால் 40 காசைப் பிடுங்கிக்கொண்டு ஒரு போலி நட்சத்திரத்தைத் தலையில் கட்டுவான். அவ்வளவு காசு இல்லையென்றால் இருப்பதை எல்லாம் எடுத்துக்கொள்வான். வந்தவரை அனுப்பியதும் கோபுரம் திரும்பிவிடும். அடுத்து வருபவருக்கு மற்றவர் தெரிவார். இடையில் யாராவது கேள்விக்குறிக் கட்டத்தில் நின்றாலும் கோபுரம் திரும்பும்.

விதி இவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிப் புரியவைத்துவிடலாம். ஆனால் இந்தச் சின்ன விதி ஓட்டப்பந்தயத்தையே தலைகீழாக்கிவிடுகிறது. கோபுரத்தில் பவுசர் நிற்கும்போது முதலில் போய்ச் சேருவதுதான் மிகப் பெரிய ஆபத்து. முதலில் போகிறவர் 40 காசைக் கொடுத்து, பின்னால் வருகிறவருக்கு டோட்டைத் திருப்பி வைத்துவிட்டு வருவார். எனவே எல்லாரும் இரண்டாவதாகப் போகத் துடிப்பார்கள். நானும் நண்பர்கள் மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை விளையாடியபோது, நால்வரும் தங்களுக்கு ஒன்று விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தோம். பத்து விழுந்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பக்கத்து அறையில் இருந்தவர் வந்து பார்த்துவிட்டு, அதிகம் விழுந்தால் அழுகிற ஆட்டத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொன்றும் கவனியுங்கள். கையில் காசே இல்லாதவர் பவுசரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை. அவர் போய்க் கோபுரத்தைத் திருப்பிவிட்டு வந்தால் யாருக்கு லாபம் என்பதுதான் கேள்வி. கடைசி இடத்தில் இருப்பவர், முதல் இடத்தில் இருப்பவருக்கு உதவுவாரா, இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு உதவுவாரா? இதற்காகவே பேரம் நடக்கும். இந்தப் பேரத்திற்கு புரோகிராமில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. சோபாவில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதைச் செய்துகொள்கிறார்கள்.

யோஷியின் வெப்பமண்டலத் தீவும் இதே ஒரு பிட் வித்தைதான். இரண்டு தீவுகள், இடையில் இரண்டு பாலங்கள். ஒரு தீவில் டோட், இன்னொன்றில் பவுசர். யாராவது ஒருவர் கேள்விக்குறியில் நின்றால் போதும், இருவரும் இடம் மாறிவிடுவார்கள். மூன்று சுற்று நடந்து டோட்டிற்கு இரண்டடி முன்னால் வந்து நிற்கிறீர்கள். அடுத்த தீவில் இருக்கும் ஒருவர் கேள்விக்குறியில் போய் நிற்கிறார். உங்கள் எதிரே இப்போது பவுசர். பாலத்தைக் கடக்கவும் கல் பூதத்திற்குக் காசு அழ வேண்டும். எனவே ஒவ்வொருவரும் தீவு மாறுவதா, இருக்கிற இடத்திலேயே இருந்து டோட் வரட்டும் என்று காத்திருப்பதா என முடிவு செய்ய வேண்டும். பவுசர் இருக்கும் தீவில் தங்குவது முட்டாள்தனமாகத் தெரியும். பல சமயம் அதுதான் சரியான முடிவு.

பீச்சின் பிறந்தநாள் கேக் கொஞ்சம் வேறு மாதிரி. வட்டமான ஒரே பாதை, ஒரே ஒரு பிரிவு. அந்தப் பிரிவில் எந்தப் பக்கம் போவது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. 10 காசு கொடுத்து நான்கு விதைகளில் ஒன்றை எடுக்க வேண்டும். மூன்று விதைகள் டோட்டிடம் கொண்டு போகும், ஒன்று பவுசரிடம் கொண்டு போகும். இதுவரை வெறும் லாட்டரிதான். ருசியே கீழ்த்தட்டில் இருக்கிறது. அங்கே கேள்விக்குறிக் கட்டத்தில் நிற்பவர் 30 காசு கொடுத்து ஒரு கடிக்கும் செடியை நட்டு வைக்கலாம். பின்னால் அந்தக் கட்டத்தில் யார் வந்து நின்றாலும் அவரிடமிருந்து ஒரு நட்சத்திரத்தைப் பறித்து, நட்டவரிடம் கொடுத்துவிடும். 20 காசுக்கு நேர்வழியில் ஒரு நட்சத்திரம் வாங்கலாம். 30 காசுக்கு கண்ணிவெடி வைத்து அடுத்தவனுடையதைப் பறிக்கலாம். ஆட்டத்தின் பின்பாதியில் கேக் முழுவதும் செடிகளாக இருக்கும். பாதை ஒன்றே என்பதால் சுற்றிப் போகவும் வழியில்லை. குழந்தைகளுக்கான பலகை போல இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும் இதுதான் அந்த கேமிலேயே அதிகம் சண்டை மூட்டுவது.

எனக்கு மிகவும் பிடித்தது லூயிஜியின் இயந்திர அறை. குழாய்களும் பற்சக்கரங்களும் நிறைந்த ஒரு தொழிற்சாலை. சிவப்புக் கதவுகள், நீலக் கதவுகள் என இரு வகை. ஒரு வகை திறந்திருந்தால் மற்றது மூடியிருக்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இரண்டும் மாறிவிடும். காசு கொடுத்து மாற்றவும் வழி உண்டு. இங்கே அந்த ஒரு பிட் எப்போது மாறும் என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அதிர்ஷ்டத்திற்கு வேலையே இல்லை. இப்போது சிவப்பு திறந்திருக்கிறது; நான் அங்கே போய்ச் சேர இரண்டு சுற்றாகும்; அப்போது எது திறந்திருக்கும் என்று கணக்குப் போட வேண்டும். சராசரியாக ஐந்தரைக் கட்டம் நகரலாம் என்று வைத்துக்கொண்டு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிலருக்கு இந்தப் பலகை பிடிப்பதில்லை. நட்சத்திரம் கண்ணுக்குத் தெரிந்தும் கதவு மூடிக்கொண்டு விடுகிறது என்று சலித்துக்கொள்வார்கள். ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இது பெரிய கஷ்டமாகத் தெரியாது.

மற்ற பலகைகளில் வாரியோவின் போர்க்களத்தில் பீரங்கியில் ஏறி ஒரு தீவிலிருந்து அடுத்த தீவிற்குப் பறக்க வேண்டும். எங்கே விழுவோம் என்பது நம் கையில் இல்லை. பார்க்க வேடிக்கை, யோசிக்க ஒன்றும் இல்லை. பவுசரின் எரிமலையில் மலை வெடித்தால் நீலக் கட்டங்கள் எல்லாம் சில சுற்றுகளுக்குச் சிவப்பாகிவிடும். கடைசியில் திறக்கும் நித்திய நட்சத்திரப் பலகை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இங்கிருந்து அங்கே தூக்கி எறியப்படுவதிலேயே நேரம் போய்விடுகிறது.

இரண்டாம் பாகம்

ஓராண்டு கழித்து, 1999 டிசம்பரில் ஜப்பானில் மரியோ பார்ட்டி 2 வந்தது. பல கேம்களுக்கு இரண்டாம் பாகம் என்றால் முதல் பாகத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டது என்று அர்த்தம். இதில் அப்படி இல்லை. கடற்கொள்ளையர், விண்வெளி, பேய்வீடு, கௌபாய் ஊர் என்று ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கருப்பொருள் வைத்து, அதற்கேற்ப மரியோ குழுவினருக்கு உடையும் மாற்றினார்கள். கையில் வைத்துப் பிறகு பயன்படுத்தும் பொருட்களும் இதில்தான் வந்தன. ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் வைத்திருக்கலாம் என்பது நல்ல கட்டுப்பாடு. மூன்றாம் பாகத்தில் இதை மூன்றாக்கினார்கள். என்னைக் கேட்டால் ஒன்றே போதும்.

விண்வெளிப் பலகையில் ஒரு கவுண்டர் இருக்கிறது. 5ல் தொடங்கும். அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனதும் பவுசரின் லேசர் ஒளி பலகையின் நடுப்பாதை நெடுக பாயும். அப்போது அங்கே நிற்பவர்களின் காசு முழுவதும் போய்விடும். கவுண்டர் 5ல் இருக்கும்போது யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 2க்கு வந்ததும் பேச்சு குறைகிறது. 1 என்று ஆகிவிட்டால், அடுத்து யார் கடப்பார், அப்போது நடுப்பாதையில் யார் நிற்பார், அவரிடம் எவ்வளவு காசு இருக்கிறது என்று நான்கு பேரும் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். வெறும் ஓர் எண். அதை எழுத மூன்று பிட் போதும். ஓர் அறையில் இருப்பவர்கள் எல்லாரையும் அது மௌனமாக்கிவிடுகிறது.

பேய்வீட்டுப் பலகையில் மூன்று சுற்றுக்கு ஒரு முறை பகல் இரவாகும், இரவு பகலாகும். பெரிய பேய் இரவில் மட்டும்தான் வெளியே வரும். கையில் போதிய காசு வைத்திருப்பவர் அதனிடம் போனால், மற்ற மூவரிடமிருந்தும் ஒரே சமயத்தில் திருடித் தரச் சொல்லலாம். இருட்டுவதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும், விடிவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். கௌபாய் ஊரில் ஒரு ரயில் பலகையைச் சுற்றி வரும். அதில் மாட்டியவர் தொடங்கிய இடத்திற்கே போய்ச் சேர வேண்டியதுதான்.

இந்தப் பலகைகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுவான அம்சம் உண்டு. எது மாறப் போகிறது என்பது நால்வருக்கும் ஒரே நேரத்தில் கண்ணெதிரே தெரியும். ஒளித்து வைத்த விதி எதுவும் இல்லை. அனுபவசாலிக்கு மட்டும் தெரிந்த ரகசியமும் குறைவு. அதனால்தான் பல வருடங்களாக கேம் விளையாடும் கல்லூரி மாணவனும், அன்றைக்குத்தான் கண்ட்ரோலரைக் கையில் எடுத்த அம்மாவும் ஒன்றாக உட்கார்ந்து விளையாட முடிகிறது.

அதிர்ஷ்டம் பற்றிய குறை

இது வெறும் அதிர்ஷ்ட ஆட்டம், திறமைக்கு மதிப்பில்லை என்பது இந்த கேம் மீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை. இதில் பாதி உண்மை. ஆட்டம் முடிந்த பிறகு மூன்று போனஸ் நட்சத்திரங்கள் தருவார்கள். மினி கேம்களில் அதிகக் காசு ஜெயித்தவருக்கு ஒன்று. ஏதாவது ஒரு கட்டத்தில் மிக அதிகமாகக் காசு வைத்திருந்தவருக்கு ஒன்று. கேள்விக்குறிக் கட்டங்களில் அதிக முறை நின்றவருக்கு ஒன்று. முதல் இரண்டும் பெரும்பாலும் திறமைக்கு. மூன்றாவது சுத்தமான அதிர்ஷ்டம். இரண்டு மணி நேரம் முன்னணியில் இருந்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் இந்த மூன்றாவதால் தோற்பவருக்குக் கோபம் வருவது இயல்பு.

ஆனாலும் அந்த நட்சத்திரத்தை எடுக்கக் கூடாது என்றுதான் சொல்வேன். திறமை மட்டுமே ஜெயிக்கும் ஆட்டத்தில், பத்தாவது சுற்றிலேயே யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிடும். மிச்சம் பத்துச் சுற்றை மற்ற மூவரும் எதற்காக விளையாட வேண்டும்? செஸ்ஸில் தோற்பவர் ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்து போகலாம். நான்கு பேர் விளையாடும்போது ஒருவர் எழுந்து போனால் மற்றவர்களின் மாலைப் பொழுதும் கெட்டுவிடும். கடைசி இடத்தில் இருப்பவருக்கும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருப்பதால்தான் அவர் கடைசி வரை உட்கார்ந்திருக்கிறார். கடைசி ஐந்து சுற்றுகளில் நீல, சிவப்புக் கட்டங்களின் மதிப்பை இரட்டிப்பாக்குவதும் இதற்காகத்தான்.

நான் ஒப்புக்கொள்ளாதது ஒன்று உண்டு. அதிர்ஷ்ட நேரம் என்று ஒரு கட்டம். அதில் நிற்பவர் மூன்று கட்டைகளை முட்ட வேண்டும். யார், யாருக்கு, எதை என்று அவை முடிவு செய்யும். ஒருவருடைய எல்லா நட்சத்திரங்களும் இன்னொருவருக்கு அப்படியே போய்விடவும் இதில் இடமுண்டு. இது வாய்ப்புத் தருவது அல்ல. இரண்டு மணி நேரம் விளையாடியதைத் துடைத்துப் போடுவது. கேக்கில் நடும் செடி ஒரு நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த அளவு இருந்திருந்தால் போதும்.

இந்த கேமின் உண்மையான குறை அதிர்ஷ்டம் அல்ல, உள்ளங்கை. சில மினி கேம்களில் கண்ட்ரோலரின் நடுவில் உள்ள குச்சியை முடிந்தவரை வேகமாகச் சுழற்ற வேண்டும். குழந்தைகள் கட்டை விரலை விட்டுவிட்டு உள்ளங்கையை அழுத்திச் சுழற்றினார்கள். தோல் உரிந்து கொப்புளம் வந்தது. புகார்கள் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் வரை போய், 2000ஆம் ஆண்டில் நிண்டெண்டோ விண்ணப்பித்தவர்களுக்குக் கையுறை தர ஒப்புக்கொண்டது. அதற்குள் வந்துவிட்ட இரண்டாம் பாகத்தில் இந்தச் சுழற்றல் பெருமளவு குறைக்கப்பட்டிருந்தது. 2022ல் முதல் பாகத்தை மீண்டும் தந்தபோது, உள்ளங்கையால் சுழற்றாதீர்கள் என்று திரையிலேயே எச்சரிக்கை போட்டார்கள். இருபது வருடத்திற்கும் மேலாக ஒரு கொப்புளத்தை நினைவில் வைத்திருக்கும் நிறுவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

கார் வந்து கெடுத்தது

எட்டாம் பாகம் வரை ஹட்சன் சாப்ட் உருவாக்கியது. 2012ல் அந்த நிறுவனம் கோனாமியோடு இணைந்துவிட்டது. அதே ஆண்டு என்டி கியூப் என்ற நிறுவனம் தயாரித்த மரியோ பார்ட்டி 9 வெளியானது. அதில் நால்வரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். யார் கட்டையை முட்டினாலும் நால்வரும் சேர்ந்தே நகர்வார்கள். ஆட்டம் வேகமாக முடிந்தது உண்மை. ஆனால் முந்துவது, பின்தங்குவது, காத்திருப்பது, வேறு வழியில் போவது என்று நான் மேலே எழுதியது எதுவும் அதில் சாத்தியம் இல்லை. எல்லாரும் ஒரே பஸ்ஸில் போகும்போது யார் முதலில் போய்ச் சேருவது என்ற கேள்விக்கு என்ன அர்த்தம்? 2015ல் வந்த பத்தாம் பாகமும் இதே வண்டியில்தான் வந்தது. 2018ல் சூப்பர் மரியோ பார்ட்டி பழைய முறைக்குத் திரும்பினாலும், பலகைகள் நான்குதான், அவையும் சிறியவை, நட்சத்திரத்தின் விலையும் 10 காசாகக் குறைக்கப்பட்டிருந்தது. விலை குறைந்தால் காசுக்காக யோசிக்க வேண்டிய அவசியமும் குறைந்துவிடுகிறது.

பிறகு 2021 அக்டோபரில் வந்த மரியோ பார்ட்டி சூப்பர்ஸ்டார்ஸ், நிண்டெண்டோ 64 காலத்துப் பலகைகளில் ஐந்தை எடுத்துக்கொண்டு வந்தது. யோஷியின் தீவு, பிறந்தநாள் கேக், விண்வெளி, பேய்வீடு, மூன்றாம் பாகத்தின் காட்டுப் பலகை. நட்சத்திரத்தின் விலையும் 20 காசுக்குத் திரும்பியது. 2024 அக்டோபரில் வந்த ஜம்போரியில் ஐந்து புதிய பலகைகளோடு கௌபாய் ஊரும் வானவில் கோட்டையும் சேர்க்கப்பட்டன. சிலர் இதைப் பழம்பெருமை பேசி விற்பது என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சரியாக ஓடும் புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதைவிட, அதையே எடுத்துச் சுத்தம் செய்து பயன்படுத்துவது என் துறையில் நல்ல பழக்கமாகவே கருதப்படுகிறது.

எனக்குள்ள மனக்குறை வேறு. பழைய கேமை அப்படியே விளையாட விரும்புபவருக்கு வழி எவ்வளவு குறுகலாக இருந்தது என்று பாருங்கள். இரண்டாம் பாகத்தை 2010ல் வீ கன்சோலில் டவுன்லோட் செய்து வாங்க முடிந்தது. அந்தக் கன்சோலின் ஆன்லைன் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. முதல் பாகத்தை அந்தக் கடையில் விற்கவே இல்லை. 1999க்குப் பிறகு 2022 நவம்பர் வரை, பழைய கார்ட்ரிட்ஜைத் தேடிப் பிடிப்பதைத் தவிர அதற்கு முறையான வழி கிடையாது. 2022ல்கூட விற்பனைக்கு வரவில்லை. நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சேவையின் கூடுதல் கட்டணத் திட்டத்தில் சேர்த்தார்கள். 2023 அக்டோபரில் மூன்றாம் பாகமும் அதில் வந்தது. சந்தா கட்டும் வரை விளையாடலாம். நிறுத்தினால் கேமும் நின்றுவிடும். ஒரு புத்தகத்தை நூலகத்தில் மட்டும்தான் படிக்கலாம், எந்தக் கடையிலும் விற்க மாட்டோம் என்று சொல்வது போன்றது இது.

இதனால்தான் பலர் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் தேடிப் போகிறார்கள். எமுலேட்டர் என்பது பழைய கன்சோல் போல நடந்துகொள்ளும் ஒரு புரோகிராம். அதில் ஓட்டுவதற்கு ரோம் எனப்படும் கேம் பைல் வேண்டும். அந்தப் பைல்களை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்களில் காப்புரிமைச் சிக்கல் இருப்பது ஒருபுறம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து அங்கே இருக்கும் பொய்யான டவுன்லோட் பட்டன்கள். 32 எம்பி கேமைத் தேடிப் போய், எக்ஸ்இ என்று முடியும் ஏதோ ஒரு பைலை இன்ஸ்டால் செய்து, பிரவுசரையே பறிகொடுத்தவர்கள் உண்டு. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதே பாணியை ருசி பார்க்க விரும்பினால், ஸ்டீம் தளத்தில் 2018 முதல் கிடைக்கும் பம்மல் பார்ட்டி என்ற கேம் இருக்கிறது. பலகை, கட்டம், மினி கேம் எல்லாம் உண்டு. எட்டுப் பேர் வரை விளையாடலாம். அடிதடி அதிகம் என்பதால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டிற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். யுஎஸ்பியில் இணைக்கும் கண்ட்ரோலர்கள் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஒரே கம்ப்யூட்டரில் சேர்ந்து விளையாடலாம். நண்பர்கள் வெளியூரில் இருந்தால், 2019ல் ஸ்டீம் அறிமுகப்படுத்திய ரிமோட் பிளே டுகெதர் வசதி இருக்கிறது. ஒருவர் மட்டும் கேமை வாங்கியிருந்தால் போதும். மற்றவர்கள் இணையம் வழியாக அதே திரையைப் பார்த்து விளையாடலாம். இதற்கு அழைப்பவரின் இணைப்பில் அப்லோட் வேகம் நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் இந்த வகை கேம் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவதற்காகவே பிறந்தது. நிண்டெண்டோ 64ல் நான்கு கண்ட்ரோலர்களுக்கும் முன்பக்கத்திலேயே துளை வைத்திருந்தார்கள். தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. அந்த நான்கு துளைகள் இல்லையென்றால் மரியோ பார்ட்டி என்ற யோசனையே வந்திருக்காது என்று நினைக்கிறேன். கவுண்டர் 1ல் நிற்கும்போது எதிரே இருப்பவரின் முகம் போகும் போக்கைப் பார்க்க முடியவில்லை என்றால் பாதி ஆட்டம் காணாமல் போய்விடுகிறது.

லூயிஜியின் இயந்திர அறையை 2021லும் எடுக்கவில்லை, 2024லும் எடுக்கவில்லை. அடுத்த முறையாவது அந்தச் சிவப்பு, நீலக் கதவுகளுக்கு யாராவது எண்ணெய் போட்டால் தேவலை.